புது வீட்டில் ஒரு பட்டறை: குடிபோகும் முன்னும் பின்னும் எழும் கேள்விகள்

சென்னையிலோ அதைச் சுற்றியோ ஒரு தனி வீடு. அதில் 10×12 அடியில் ஓர் அறை, அல்லது கார் நிற்காத கார் ஷெட். மரவேலைக்கும் வீட்டுச் சில்லறை ரிப்பேருக்கும் அதை ஒதுக்க நினைக்கிறீர்கள். கீழே உள்ள பதில்கள் இந்த அளவுப் பட்டறைக்கானவை. ஃபேக்டரி ஷெட் போடுகிறவர்களுக்கு இது போதாது. பால்கனியில் ஒரு டிரில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

சாமான் இறங்குவதற்கு முன் பட்டறைக்காக என்னென்ன முடித்திருக்க வேண்டும்?

மூன்று வேலைகள்: வயரிங், கரையான் மருந்து, சுவரில் துளை போடுவது. மூன்றுமே தூசியைக் கிளப்பும், மூன்றுக்கும் அறை காலியாக இருக்க வேண்டும். பெயிண்ட் கடைசி. சுவரை வெட்டி பைப் பதித்து, பூசி, காயவிட்டு, பட்டி பார்த்து, பிறகுதான் பெயிண்ட். பூச்சு ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலத்திலேயே உப்பிக்கொண்டு உரியும்.

ஆடியில் யாரும் குடிபோவதில்லை. ஆனால் சுவர் வெட்ட ஆடிக்குத் தடையில்லை. கிரகப்பிரவேசம் ஆவணியில் என்றால் வயரிங்கை ஆடியிலேயே முடித்துவிடுங்கள். ஆவணி பிறந்துவிட்டால் எலக்ட்ரீஷியனும் கிடைக்கமாட்டார், வண்டியும் கிடைக்காது.

எந்த அறையைப் பட்டறையாக்கலாம்? மொட்டை மாடி ரூம் சரிவருமா?

தரைத்தளம்தான் நல்லது. 8×4 பிளைவுட்டை மாடிப்படித் திருப்பத்தில் திருப்பிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மொட்டை மாடி ரூமில் சத்தம் கீழே குறைவாகக் கேட்கும். ஆனால் சித்திரை வெயிலில் பகல் 11 மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது, ஃபெவிகாலும் பூசிய வேகத்தில் காய்ந்துவிடும்.

தரைத்தளத்துக்கு உள்ள ஒரே பயம் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ தரைத்தளங்கள் மூழ்கின. அந்தத் தெருவில் அப்போது எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அடையாளக் கோடே காட்டுவார்கள். ப்ளக் பாயின்ட்டுகளைத் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் வையுங்கள். வெள்ளம் வராத தெருவிலும் அந்த உயரம் வசதிதான்: மேசைக்கு மேலே இருக்கும், வயர் காலில் சிக்காது.

சீலிங் ஃபேன் வேண்டாம். 8 அடிப் பலகையை நிமிர்த்தினால் இறக்கையில் இடிக்கும், தூசியையும் அறை முழுக்கச் சுற்றவிடும். கூண்டு போட்ட சுவர் ஃபேன் போதும்.

வயரிங் எப்படி இருக்க வேண்டும்? இருக்கிற 16 ஆம்பியர் பாயின்ட் போதாதா?

ஒரு டிரில்லுக்குப் போதும். ரம்பமும் அதோடு தூசி உறிஞ்சும் வேக்குவமும் சேர்ந்து ஓடும்போதுதான் சிக்கல். 1200 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் சுமார் 5.2 ஆம்பியர் எடுக்கும். 1400 வாட் வேக்குவம் 6 ஆம்பியர். கூட்டினால் 11தான். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் அதன் வழக்கமான அளவைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதே லைனில் வாஷிங் மெஷினும் இருந்தால் எம்சிபி (ஓவர்லோடானால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழும். விழாவிட்டால் அதைவிட மோசம், வயர் சூடாகும்.

மெயின் போர்டிலிருந்து பட்டறைக்கு என்று தனியாக 4 சதுர மி.மீ. காப்பர் வயர் இழுத்து, பட்டறைக் கதவருகே ஒரு சின்ன போர்டு வையுங்கள். அதில் உள்ளே வரும் லைனுக்கு 25 ஆம்பியர் எம்சிபியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரன்ட் கசிந்தால் அணைக்கும் ஸ்விட்ச்). அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் இரண்டு தனி லைன்கள், ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் எம்சிபி. ரம்பம் ஒரு லைனில், வேக்குவம் இன்னொன்றில். லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. வயர், அதுவும் தனி எம்சிபியில். அப்போதுதான் மெஷின் லைன் விழுந்தாலும் விளக்கு அணையாது.

எம்சிபி வாங்கும்போது ‘சி கர்வ்’ என்று கேட்டு வாங்குங்கள். ‘பி கர்வ்’ போட்டுவிட்டு, கிரைண்டரை ஆன் செய்யும்போதெல்லாம் விழுகிறது, கம்பெனி சரியில்லை என்று திட்டுகிறவர்கள் நிறைய. கம்பெனி மேல் தப்பில்லை. பி கர்வ் எம்சிபி, தன் மீது எழுதியுள்ள ஆம்பியரைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்டிலேயே விழுந்துவிடும். சி கர்வ் ஐந்து முதல் பத்து மடங்கு ஆனால்தான் விழும்.

ஆர்சிசிபியில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். கரன்ட் கசிந்தால் மட்டுமே ஆர்சிசிபி விழும். ஓவர்லோடைப் பார்ப்பது எம்சிபியின் வேலை. ஒன்று இருக்கிறது, மற்றது எதற்கு என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எர்த் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று ஓட்டை ப்ளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்குள் வயரே இருக்காது. டெஸ்டர் லைனை மட்டும்தான் காட்டும், எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எலக்ட்ரீஷியனிடம் 100 வாட் குண்டு பல்பு கட்டிய டெஸ்ட் லேம்ப் இருக்கும். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி இருந்தால் உடனே விழ வேண்டும். ஆர்சிசிபி இல்லாத லைனில் பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் குழி காய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ இணைப்பு லூஸ். ஆர்சிசிபியும் விழாமல், பல்பும் எரியாமல் இருந்தால் எர்த்தே இல்லை. இந்தச் சோதனையை நீங்களே செய்யாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓட்டலாமா?

கடையில் கிடைக்கும் சாதா பாக்ஸில் வயர் பெரும்பாலும் 0.75 சதுர மி.மீ.தான். 15 மீட்டர் நீளத்துக்குப் போகவர 30 மீட்டர் காப்பர். அதன் தடை சுமார் 0.7 ஓம். 6 ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட் போவது தெரியாது. கிளம்பும்போது 30 ஆம்பியர் இழுத்தால் 21 வோல்ட் போய்விடும். மோட்டார் முக்கிக்கொண்டு கிளம்புவது அதனால்தான். 2.5 சதுர மி.மீ. வயரில் அதே நீளத்துக்கு இழப்பு சுமார் 6 வோல்ட்தான். வயரை உருளையில் சுற்றியபடியே வைத்து ஓட்டக்கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் உள்சுற்று உருகும்.

இன்வெர்ட்டர் லைனில் மெஷின்?

வேண்டாம். ஆனால் பட்டறை லைட் ஒன்றாவது இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். ராத்திரி ரம்பம் ஓடும்போது கரன்ட் போனால் பிளேடு நிற்க இன்னும் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளை இருட்டில் கழிக்க யாரும் விரும்பமாட்டார்கள். கரன்ட் போனதும் முதல் வேலை மெஷின் ஸ்விட்சை அணைப்பது. லாக் ஆகும் ஸ்விட்ச் உள்ள கிரைண்டரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், கரன்ட் திரும்பும்போது அது தானாகக் கிளம்பி மேசையிலிருந்து குதிக்கும்.

வாடகை வீடு. சுவரில் துளை போடலாமா?

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வீட்டின் கட்டமைப்பை மாற்ற வேண்டுமானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். நாலு ஆணி கட்டமைப்பு மாற்றமாகாது. தனி வயரிங், எர்த் குழி என்று போனால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பதைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

துளைகளைக் குறைக்க ஒரு வழி: 4×3 அடியில் ஒரு 18 மி.மீ. பிளைவுட்டை ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பொருத்துங்கள். சுவரில் எட்டு துளைகளோடு முடியும். மற்ற எல்லாவற்றையும் பிளைவுட்டில் மாட்டலாம், மாற்றலாம். பின்னால் உள்ள அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் மழைக்காலத்தில் பலகை ஊறாது.

துளை போட்டால் பூச்சு பொலபொலவென்று கொட்டுகிறது, ஸ்க்ரூவுக்குப் போடும் பிளாஸ்டிக் ப்ளக் நிற்கவில்லை. ஏன்?

சுவர் எதில் கட்டியது என்று பாருங்கள். துளையிலிருந்து சிவப்புத் தூள் வந்தால் செங்கல், சாம்பல் நிறமென்றால் சாலிட் பிளாக் அல்லது கான்கிரீட், வெள்ளையாக மாவு போல் வந்தால் ஏஏசி பிளாக் (நுண்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்). ஏஏசியில் டிரில்லின் ஹேமரை (அடித்துத் துளைக்கும் முறை) போடவே கூடாது. சாதாரண ப்ளக்கும் நிற்காது, அதற்கென்று உள்ள நைலான் ஆங்கரை வாங்க வேண்டும். செங்கல்லில் 8 மி.மீ. பிட், 8 மி.மீ. ப்ளக், 50 மி.மீ. ஸ்க்ரூ சரியாக வரும். பூச்சே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும் என்பதால் 25 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் பாதி பூச்சையே பிடித்துக்கொண்டிருக்கும். நாலரை அங்குலச் சுவரில் ஹேமரை அழுத்தினால் அந்தப் பக்கத்துப் பூச்சு தட்டையாகக் கழன்று விழும்.

ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். உள்ளே வயர் பைப் அந்த நேர்கோட்டில்தான் போகும். பாத்ரூமுக்குப் பொதுவான சுவராக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கருவிகளை வண்டியில் எப்படி ஏற்றுவது?

இழைப்புளியின் தகட்டை உள்ளே இழுத்துவிடுங்கள். உளி முனைகளுக்குப் பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி மாட்டலாம். உறை வாங்க வேண்டியதில்லை. இரும்பைப் பேப்பரில் சுற்றாதீர்கள். பேப்பர் ஈரம் இழுக்கும். தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, அந்தத் துணியிலேயே சுற்றுங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு வாரத்துக்குத் தாங்கும், பிறகு பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

பெட்டி சின்னதாக இருக்கட்டும், 20 கிலோவுக்கு மேல் போக வேண்டாம். ஆணியும் ஸ்க்ரூவும் நிறைந்த பெரிய பெட்டியின் அடி, படிக்கட்டில்தான் பிளக்கும். குட்டி யானையின் தொட்டி நீளம் ஏறத்தாழ 7 அடி, தாங்கும் எடை முக்கால் டன். 8 அடிப் பலகை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்புத் துணி கட்டுங்கள். தின்னர், பெட்ரோல், கார்ட்லெஸ் டிரில்லின் பேட்டரி ஆகியவை சாமான் வண்டியில் போகக்கூடாது. தின்னரை முடித்துவிடுங்கள் அல்லது கொடுத்துவிடுங்கள், பேட்டரியைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் எந்த மெஷின் வாங்கலாம்?

மெஷின் இல்லை, மேசை. ஆடுகிற மேசையில் எந்த மெஷினும் நேராக வெட்டாது. கடையில் கிடைக்கும் ரெடிமேட் மேசைகள் இழைப்புளி தள்ளும்போது கூடவே நகரும்.

5×2 அடி மேசைக்குக் கணக்கு இது. 18 மி.மீ. பிளைவுட் 8×4 ஷீட் ஒன்று. ஐ.எஸ். 303 தரத்தில் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் வகை) போதும், 710 மரைன் பிளைவுட் இங்கே வீண் செலவு. அதில் 5×2 துண்டு இரண்டு வெட்டி ஃபெவிகால் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 36 மி.மீ. மேல்பலகை ஆகிவிடும். அடியிலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் மேலே துருத்தாது. மீதி 4×3 அடியில் கீழ்த்தட்டு வரும்.

கால்களுக்கு 3×3 அங்குலச் சட்டம் நாலு துண்டு. குறுக்குக் கட்டைகள் 3×1½ அங்குலத்தில் 4 அடித் துண்டு நாலு, 1½ அடித் துண்டு நாலு. மொத்தம் ஏறக்குறைய 1.4 கன அடி, கழிவோடு 1¾ கன அடி என்று மரக்கடையில் சொல்லுங்கள். இடித்த வீட்டு மரம் கிடைத்தால் விடாதீர்கள், பல வருஷம் காய்ந்தது. ஆனால் முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டி ஆணி தேடிவிட்டு ரம்பத்தைக் கொடுங்கள். ஒளிந்திருக்கும் ஓர் ஆணி போதும், பிளேடின் பற்கள் போய்விடும்.

குட்டைக் கட்டைகளைக் கால்களோடு ஒட்டி, ஸ்க்ரூ போட்டுவிடலாம். நீளக் கட்டைகளைக் காலின் முகத்தில் வைத்து எம்10 போல்ட்டால் முடுக்குங்கள். கால் 75 மி.மீ., கட்டை 38 மி.மீ., வாஷரும் நட்டும் சேர்த்தால் 125ஐத் தொடும், 130 மி.மீ. போல்ட் வாங்குங்கள். மூலைக்கு மூலையாக ஒரு இணைப்புக்கு இரண்டு, ஆக 16. ஒரே போல்ட் போட்டால் அது கீல் மாதிரி ஆடும். அடுத்த வீடு மாறும்போது போல்ட்டைக் கழற்றி மேசையைத் தட்டையாக எடுத்துப் போகலாம்.

உயரம்: செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரம் மேசை உயரம். பெரும்பாலானோருக்கு 32 முதல் 34 அங்குலத்துக்குள் அடங்கும். சமையல் மேடை உயரத்தை அளந்து வந்தால் கணக்கு தவறும். அது வேறொருவரின் உயரத்துக்குப் போட்டதாக இருக்கலாம்.

4 அங்குல பெஞ்சு வைஸை ஏதாவது ஒரு காலுக்கு நேர் மேலே மாட்டுங்கள். அதன் அசையாத தாடை மேசை ஓரத்தைவிட ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான துண்டைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். வைஸ் புதியதாக வேண்டியதில்லை. காயலான் கடையில் திருகைச் சுற்றிப் பாருங்கள், கால் சுற்றுக்கு மேல் லூஸ் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

டைல்ஸ் தரை என்றால் மேசைக் கால்களின் கீழ் ரப்பர் துண்டு வையுங்கள். சுத்தியல் அடி கால் வழியே இறங்கி டைல்ஸில் விரிசல் விழும்.

ஆங்கிள் கிரைண்டரில் மரம் வெட்டும் பிளேடு மாட்டலாமா? ஆசாரிகள் மாட்டுகிறார்களே?

மாட்டுகிறார்கள். அவர்களில் பலரின் கைகளையும் பாருங்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று ஓடும். அதற்கு அடித்தட்டு கிடையாது, மரத்தில் உட்கார்ந்து நேராகப் போக வழியில்லை. பல் ஒன்று மரத்தைக் கவ்வினால் மெஷின் மொத்தமும் உங்களை நோக்கி எகிறும். பிளேடு இடம் கொள்ளாததால் கார்டையும் (பிளேடை மூடும் தடுப்பு) கழற்றியிருப்பார்கள். கிரைண்டர் இரும்பை வெட்டவும் உரசவும் மட்டுமே.

மார்பிள் கட்டரில் 110 மி.மீ. மர பிளேடு போடுவது அதைவிடப் பரவாயில்லை. அடித்தட்டு உண்டு, ஆழமும் வைக்கலாம். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 20 மி.மீ. ஆழம் போதும், முழு ஆழமும் இறக்காதீர்கள். ஆனாலும் வெட்டி முடித்ததும் பிளேடைத் தானாக மூடும் கார்டு அதில் இல்லை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் 7 அங்குல சர்குலர் ரம்பமே வாங்குங்கள்.

கட்டிங் வீலின் நடுவே உள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். மாதமும் வருஷமும் அடித்திருக்கும். அது காலாவதித் தேதி. உள்ளே உள்ள பிசின் ஈரத்தில் பலவீனப்படும். பழைய வீல் சுற்றும்போதே தெறிக்கும். லுங்கி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் மெஷின் பக்கம் வேண்டாம். டிரில் ஓடும்போது துணிக் கையுறையும் கூடாது. பிட் அதைச் சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்தே இழுக்கும்.

கரையான்?

சுவரும் தரையும் சேரும் ஓரமாக அடிக்கு ஒன்று என 12 மி.மீ. துளை போட்டு மருந்து இறக்கி, வெள்ளை சிமென்ட்டால் அடைப்பார்கள். குடிபோகும் முன் செய்தால் ஒரே நாள் வேலை. மரத்தைத் தரையிலும் சுவரிலும் படாமல் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டில் அடுக்குங்கள். கரையான் மண் பாதை போட்டு ஏறினாலும் கண்ணில் பட்டுவிடும்.

தூசிக்கு முகக்கவசம் போதுமா?

கைக்குட்டை போதாது, என்95 வேண்டும். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சுருளைவிட, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) உரசும்போது எழும் மாவுத்தூசி மோசம். வேலை முடிந்தும் வெகுநேரம் காற்றில் மிதக்கும். பட்டறையிலிருந்து வீட்டுக்குள் திறக்கும் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அதைச் செய்யாவிட்டால் முதல் வாரத்திலேயே வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

பக்கத்து வீட்டார் சத்தம் என்று புகார் செய்தால்?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. கிரைண்டர் ஓட்டுகிறவரின் காதருகே 90ஐத் தாண்டும். விதியைக் காட்டி வாதாட உங்களுக்கு இடமில்லை. மதியத் தூக்க நேரத்தையும் பரீட்சை மாதத்தையும் விட்டுவிடுங்கள். குடிபோன புதிதில் அவர்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் ஒன்றைச் சரிசெய்து கொடுங்கள்.

தெரிந்தவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தால்?

வீட்டு மின் இணைப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். தொழிலாக நடத்தினால் கட்டணப் பிரிவை மாற்ற வேண்டும். மாற்றாமல் பிடிபட்டால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். சொந்த வீட்டு ஸ்டூலுக்கு இந்தக் கவலையில்லை.

தீப்பிடிக்க வாய்ப்புண்டா?

மூன்று வழிகளில். கிரைண்டர் பொறி மரத்தூளில் விழுந்து வெகுநேரம் கண்ணில் படாமல் கனன்று பிறகு பற்றும். ஆகவே இரும்பு வேலை வாசலில், மர வேலை உள்ளே. தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். அடுத்த அறை பூஜை அறையாகவோ அடுப்படியாகவோ இருந்தால் பாலிஷ் வேலையை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயவைத்து, பிறகு குப்பையில் போடுங்கள். தீயணைப்பான் கதவருகே இருக்கட்டும், அறையின் கடைசியில் அல்ல.

ஆயுத பூஜைக்குப் பிறகு கருவிகளில் துருப்புள்ளி வருகிறதே?

சந்தனத்தில் உள்ள தண்ணீர்தான் காரணம். முந்தின நாளே எல்லாவற்றையும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசிவிடுங்கள். பொட்டைக் கைப்பிடியிலும் மரப்பாகத்திலும் வையுங்கள். இழைப்புளியின் அடிப்பாகத்திலும் வைஸ் தாடையிலும் வைக்காதீர்கள். ஐப்பசி மழை தொடங்கும் நேரம் அது. மறுநாள் விஜயதசமி அன்று முதல் வேலையாகத் துடைத்து, திரும்ப எண்ணெய் போடுங்கள்.